அடுத்த வருசப் படிவம்

கம்சாயினி: …சிரிக்காதீங்க அத்தான். அந்தச் சோதனைத் தாள்கள அங்கால வச்சிட்டு இதப் பாருங்க.

உதயரூபன்: நான் சிரிக்கல்ல.

கம்சாயினி: அப்ப வாய் ஏன் கோணினது?

உதயரூபன்: தலைப்ப வாசிச்சன். "நோக்கத்தோடும் நிறைவோடும் 2010." இத யார் எழுதின?

கம்சாயினி: எங்கட வீட்டுத்திட்டக் கந்தோருக்குக் கொழும்பில இருந்து வந்த மிஸ்.

உதயரூபன்: வாகரைக்கு எத்தின மணிக்கு வந்தவ?

கம்சாயினி: பத்துக்கு.

உதயரூபன்: போனது?

கம்சாயினி: ரெண்டுக்கு. சாப்பிட்டுட்டுத்தான் போனவ. நண்டுக்கறி.

உதயரூபன்: நிறைவு.

கம்சாயினி: சும்மா இரிங்க. சுனாமி வந்து அஞ்சு வருசமாயிட்டு, சண்டையும் முடிஞ்சிட்டு. இனி நாங்க வாழ்க்கையத் திட்டம் போட்டு வாழணுமாம். அவ சொன்னா.

உதயரூபன்: கடல்ட திட்டத்தையும் கேட்டவவா?

கம்சாயினி: நீங்க கேளுங்க, நாளைக்கு வருவா. எனக்குப் பதினஞ்சு படிவம் குடுக்கணும். வீட்டுக்கு ஒரு ஆள். பதினாலு முடிஞ்சிது. நீங்கதான் மிச்சம்.

உதயரூபன்: மாமிட்டக் கேட்டு எழுது.

கம்சாயினி: வீட்டுத் தலைவர்தான் எழுதணும்.

உதயரூபன்: நான் தலைவர் எண்டு யார் சொன்ன?

கம்சாயினி: ஊர் சொல்லுது. வீடு பொம்பிளைக்கெண்டு இரிக்கிற மட்டக்களப்பில வீடு வச்சிரிக்கிற ஒரே ஆம்பிளை எண்டு சொல்லுது.

உதயரூபன்: …கேள்வியக் கேளு.

கம்சாயினி: பேர் தெரியும். வயசு முப்பத்திமூணு. தொழில்?

உதயரூபன்: தொண்டர் ஆசிரியர்.

கம்சாயினி: அது தொழிலா?

உதயரூபன்: இல்ல. எழுது.

கம்சாயினி: மணமானவரா? ஆம், இல்லை. ஒண்டுக்குப் புள்ளடி போடணும்.

உதயரூபன்: மற்றது?

கம்சாயினி: மற்றது எண்டு ஒரு பெட்டி இரிக்கி. "விதவை." அது பொம்பிளைக்கு.

உதயரூபன்: ஆம்பிளைக்கு?

கம்சாயினி: ஆம்பிளைக்குப் பெட்டி அடிக்கல்ல அவங்க.

உதயரூபன்: அப்ப ஆம் எண்டு போடு.

கம்சாயினி: அத்தான்…

உதயரூபன்: ஆம்பிளைக்கு ரெண்டு பெட்டிதானே இரிக்கி. ஆம்.

கம்சாயினி: சரி. போட்டிட்டன். அடுத்தது, "கடந்த ஆண்டில் நான் பெருமைப்படும் மூன்று விடயங்கள்."

உதயரூபன்: சைக்கிளுக்குப் பின் டயர் மாத்தினன்.

கம்சாயினி: ஒண்டு.

உதயரூபன்: முன் டயர் மாத்தினன்.

கம்சாயினி: மூண்டாவது?

உதயரூபன்: சைக்கிளுக்கு மூணு டயர் இல்ல.

கம்சாயினி: யோகராசா அண்ணன் உங்களவிடப் பறவாயில்ல. "அடுத்த வருசம் ஒரு நல்ல நாள் எப்படி விடிய வேண்டும்" எண்டு ஒரு கேள்வி. அவர் "செக்பொயின்ற் இல்லாம" எண்டு எழுதச் சொன்னார்.

உதயரூபன்: எழுதினியா?

கம்சாயினி: "அமைதியாக" எண்டு எழுதினன். எனக்கு வேல வேணும்.

உதயரூபன்: நல்ல பிள்ளை.

கம்சாயினி: மறுகா, வருசத்துக்கு ஒரு சொல் தெரிவு செய்யணும். அந்தச் சொல்ல நினைச்சுக்கொண்டே வருசம் முழுக்க இரிக்கணுமாம். ஓட்டமாவடி ஜெமீலா ராத்தா "பொறுமை" எண்டா. பக்கத்தில இருந்த பதினொரு பேரும் எட்டிப் பாத்து "பொறுமை" எண்டிட்டாங்க.

உதயரூபன்: என்ட வகுப்பிலயும் இப்பிடித்தான். ஒருத்தன் பிழையா எழுதினா அவன் இரிக்கிற வாங்கு முழுக்கப் பிழை. யோகராசா அண்ணன்ட சொல் என்ன?

கம்சாயினி: எஞ்சின். தோணிக்கு.

உதயரூபன்: அவர் ஒருத்தருக்குத்தான் விளங்கியிரிக்கி.

கம்சாயினி: உங்கட சொல்? அத்தான், சொல்.

உதயரூபன்: "சரி."

கம்சாயினி: சொல்லுங்க எண்டுறன்.

உதயரூபன்: சொல்லிட்டன். "சரி" எண்டு எழுது.

கம்சாயினி: "சரி"யோட ஒரு வருசம் இரிப்பீங்களா?

உதயரூபன்: அஞ்சு வருசம் இருந்திட்டன்.

சீதேவிப்பிள்ளை: கம்சா, இந்தா தேத்தண்ணி. குடு அவருக்கு. சீனி குறைவு, கையில வச்சுத் தொட்டுக்கொண்டு குடிக்கச் சொல்லு.

உதயரூபன்: நான் இஞ்சதான் இரிக்கன் மாமி. நேர சொல்லலாம்.

சீதேவிப்பிள்ளை: நான் என்ட மகளிட்டப் பறையிறன். மருமகனுக்கு நேர நிண்டு மாமி பறையிறது எங்கட குடியில இல்ல. முன்ன மூத்தவள் கஜானியிட்டச் சொன்னன். இப்ப இவளிட்டச் சொல்லுறன்.

கம்சாயினி: நான் டெலிபோன் கம்பி. ரெண்டு பக்கமும் இழுங்க.

சீதேவிப்பிள்ளை: வாய மூடு கா. கேளு அவரிட்ட, வியாழக்கிழமை கிரானில இருந்து உன்னப் பாக்க ஆக்கள் வாறது தெரியுமா எண்டு.

உதயரூபன்: தெரியும்.

கம்சாயினி: தெரியுமாம்.

சீதேவிப்பிள்ளை: எனக்குக் காது கேக்கும். பொடியன்ட பேர் யதுர்ஷன். ஆறு ஏக்கர் வட்டையில நெல் செய்யிறான். குடிவெறி இல்ல. தாய் சீதனமெண்டு ஒண்டும் கேக்கல்ல, ஒரே ஒரு கேள்விதான் கேட்டனுப்பியிரிக்கா.

கம்சாயினி: வீடு பெண்ட பேரில இரிக்கா எண்டு.

சீதேவிப்பிள்ளை: பிழையா? நம்மட பக்கத்தில எந்தத் தாய்தான் அதக் கேளாம மகன அனுப்புவா? மாப்பிள்ளை வந்து எங்க படுக்கிற? சகலன்ட வீட்டுத் தாவாரத்திலயா?

உதயரூபன்: கேள்வி சரிதான்.

சீதேவிப்பிள்ளை: சரியாம்! கேளு கா. கடக்கரையில இருந்த வளவு யார்ர? என்ட தாய் எனக்குத் தந்தது. நான் கஜானிக்குக் குடுத்தன். அதக் கடல் கொண்டு போனதுக்குப் பதிலாத்தான் இந்தக் கல்வீடு வந்தது. கஜானி இல்லையெண்டா அவள்ட தங்கச்சிக்கு. பொம்பிளைட சொத்து பொம்பிளைக்கு. இவர் இந்தக் குடும்பத்துக்கு வரேக்க என்ன கொண்டு வந்தவர் எண்டு கேளு.

உதயரூபன்: ஒரு சூட்கேஸ்.

சீதேவிப்பிள்ளை: பூட்டு உடைஞ்ச சூட்கேஸ்.

கம்சாயினி: அம்மா, அவர் வெட்கப்படுவார் எண்டு நினைக்கிறீங்களா?

சீதேவிப்பிள்ளை: ரெண்டு வருசத்தில மூணு இடம். களுவாஞ்சிக்குடி, செங்கலடி, வாழைச்சேனை. வந்தாங்க, பலகாரம் திண்டாங்க, வீடு யார்ர பேரில எண்டாங்க. அத்தான்ட பேரில, எழுதித் தரமாட்டாராம் எண்டா யார் கா நிப்பாங்க? இப்ப கிரான் ஆக்களுக்கும் நான் பலகாரம் சுடவா, சும்மா இரிக்கவா? கேட்டுச் சொல்லு.

கம்சாயினி: அத்தான். அம்மா கேக்கிறா. கையெழுத்து…

உதயரூபன்: இல்ல.

சீதேவிப்பிள்ளை: பாத்தியா! ஒரு "இல்ல." அதுக்கு ஒரு காரணம், ஒரு சாட்டு… ஒண்டும் கிடையா. படிச்ச மருமகன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன். வந்தாறுமூலைக் கம்பசில நாலு வருசம் படிச்சது, அடுத்தவள்ட கூரைக்குக் கீழ அசையாம இரிக்கிறது எப்பிடி எண்டுதான் போல.

உதயரூபன்: தேத்தண்ணி நல்லாயிருக்கு மாமி.

சீதேவிப்பிள்ளை: நான் கிணத்தடிக்குப் போறன். இதுல நிண்டா என்ட வாய் அழுகிடும்.

கம்சாயினி: போயிட்டா. வாளியத் தூக்கி எறியிறது கேக்குதா?

உதயரூபன்: கேக்குது.

கம்சாயினி: அந்த வாளி நீங்கதான்.

உதயரூபன்: தெரியும். அடுத்த கேள்வி.

கம்சாயினி: அத்தான், நீங்க ஏன் இப்பிடி? அவ அவ்வளவு ஏசுறா. ஒரு சொல் திருப்பிச் சொன்னா எனக்கும் லேசா இரிக்கும்.

உதயரூபன்: அவ சொன்னதில பிழை ஒண்டும் இல்ல.

கம்சாயினி: யோகராசா அண்ணன்ட பொஞ்சாதி என்ன சொல்லுறா தெரியுமா? பிரச்சினைய முடிக்க லேசான வழி, உங்களுக்கே என்னக் கட்டி வைக்கிறதாம்.

உதயரூபன்: நீ என்ன சொன்ன?

கம்சாயினி: ஒரு மேசைக்குக் கழுத்து நீட்டச் சொல்லுறீங்களா அக்கா எண்டு கேட்டன். மேசையிலயெண்டாலும் சோத்துக் கோப்பை வைக்கலாம்.

உதயரூபன்: நல்ல மறுமொழி.

கம்சாயினி: கோபம் வரல்லையா?

உதயரூபன்: மேசைக்கு வருமா?

கம்சாயினி: …சிரிச்சிட்டன். உங்களோட சண்டையும் பிடிக்க ஏலா. சரி, இதான் முக்கியமான கேள்வியாம். மிஸ் ரெண்டு தரம் அடிக்கோடு போட்டிரிக்கா. "வருகின்ற ஆண்டில் நான் விட்டுவிடப் போவது."

உதயரூபன்: மற்றவங்க என்ன எழுதின?

கம்சாயினி: வெத்தில. சீட்டு. கோபம். ஒருத்தி மாமியார் எண்டு எழுதிட்டு வெட்டினா. உங்களுக்கு நான் எழுதவா?

உதயரூபன்: என்னெண்டு?

கம்சாயினி: வீடு. ஒரு கையெழுத்து அத்தான். அம்மா இல்ல இப்ப, நான் கேக்கிறன். எழுதித் தந்திட்டு நீங்க இஞ்சயே இருங்க. பின் அறைய எடுங்க. உங்களப் போகச் சொல்லி யார் சொன்ன? வியாழக்கிழமை அந்தப் பொம்பிளைக்கு நான் ஒரு மறுமொழி சொல்லணும்.

உதயரூபன்: என்னால ஏலா.

கம்சாயினி: ஏலாதா, மனமில்லையா?

உதயரூபன்: ஏலா.

கம்சாயினி: அப்ப அதையே சொல்லவா? அத்தானுக்கு ஏலாதாம், போயிட்டு வாங்க எண்டு?

உதயரூபன்: சொல்லு.

கம்சாயினி: சொல்லுறன். நாலாவது தரமும் சொல்லுறன். நீங்க இதுக்குள்ள இருந்து சோதனைத் தாள் திருத்துங்க. ஊர்ப் பிள்ளைகளுக்குப் புள்ளி போடுங்க. உங்களுக்கு யார் போடுற?

உதயரூபன்: கம்சா. வீடு என்ட பேரில இல்ல. கேட்டுதா?

கம்சாயினி: கேட்டுது.

உதயரூபன்: ரெண்டாயிரத்து அஞ்சு, பங்குனி. முகாமில வீட்டுக்குப் பேர் பதிஞ்சாங்க. வெயில். நீளமான வரிசை. மேசைக்கு அங்கால ஒரு ஐயா, வெளி மாவட்டம். "வீடு யாருடையது?" எண்டார். நான் கஜானி எண்டன்.

கம்சாயினி: அக்கா போய் மூணு மாசம்.

உதயரூபன்: ஓம். வாயில அதுதான் வந்தது. வீடு யார்ர எண்டு கேட்டா இஞ்ச எந்த ஆம்பிளை தன்ட பேரச் சொல்லுவான்?

கம்சாயினி: அவர் விளங்காம எழுதிட்டாரா?

உதயரூபன்: அவருக்கு என்ன தெரியும்? எழுதினார். அடையாள அட்டை இலக்கம் கேட்டார். அவட இலக்கம் எனக்குப் பாடம். சொன்னன்.

கம்சாயினி: பிழை எண்டு சொல்லியிருக்கலாமே.

உதயரூபன்: அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டார்.

கம்சாயினி: வீட்டு உறுதிப் பத்திரம் குடுத்த அண்டைக்கு?

உதயரூபன்: பேர் வாசிக்கல்ல, வீட்டு இலக்கத்தத்தான் வாசிச்சாங்க. முப்பத்தேழு. போய் வாங்கினன். என்வலப் ஒட்டியிருந்தது. கை தட்டினாங்க. வீட்டுக்கு வந்து உடைச்சுப் பாத்தன். கஜானி உதயரூபன். அச்சில.

கம்சாயினி: அப்பவாவது…

உதயரூபன்: விசாரிச்சன். மாத்தலாமாம். அவட மரணப் பத்திரத்தோட வரட்டாம். உடம்பு கிடைக்காத ஆக்களுக்குப் புருசன் ஒரு சத்தியக்கடதாசி குடுக்கணும். இந்தத் திகதியில, இந்த இடத்தில, என்ட பொஞ்சாதி செத்தது எனக்குத் தெரியும் எண்டு.

கம்சாயினி: எல்லாரும் அந்த வருசமே குடுத்தாங்க.

உதயரூபன்: ஓம். வரிசையில நிண்டு குடுத்தாங்க.

கம்சாயினி: நீங்க?

உதயரூபன்: கடதாசி வாங்கினன். எழுதல்ல.

கம்சாயினி: ஏன்?

உதயரூபன்: கடல் வந்த அண்டைக்கு விடிய நான் ஓட்டமாவடியில பஸ்ஸுக்கு நிண்டன். அவ செத்தத நான் பாக்கல்ல. பாக்காததுக்கு எப்பிடிச் சத்தியம் பண்ணுற?

கம்சாயினி: …அஞ்சு வருசமா?

உதயரூபன்: நாளைக்கு எழுதுவம் எண்டு நினைச்சன். நாளைக்கு நாளைக்கு எண்டு சண்டையும் வந்தது. ஓடினம். திரும்பி வந்தம். பிறகு ஒருத்தரும் கேக்கல்ல.

கம்சாயினி: ஊர் கேட்டுதே! வீட்டப் பிடிச்சுக்கொண்டு குந்தியிரிக்கான் எண்டு காறித் துப்பிச்சே.

உதயரூபன்: துடைச்சன்.

கம்சாயினி: அம்மாட்டயாவது சொல்லியிருக்கலாம்.

உதயரூபன்: சொன்னா அடுத்த பஸ்ஸில என்னக் கூட்டிக்கொண்டு போவா. கையப் பிடிச்சு எழுதுவிப்பா.

கம்சாயினி: போவா. அம்மா போவா.

உதயரூபன்: வீட்டத் தராதவன் எண்டு இரிக்கிறது அதவிட லேசு. ஒண்டும் செய்யத் தேவையில்ல. "இல்ல" எண்டு சொன்னாப் போதும். உனக்கு இப்ப எத்தின வயசு?

கம்சாயினி: என்னத்துக்கு? படிவம் உங்கட, என்ட இல்ல.

உதயரூபன்: சும்மா கேட்டன்.

கம்சாயினி: இருபத்தெட்டு.

உதயரூபன்: இருபத்தெட்டா?

கம்சாயினி: ஓம். அக்கா போகேக்க அவவுக்கு இருபத்தாறு. நான் அவவ விட மூப்பாயிட்டன் அத்தான். நீங்க பாக்கல்ல. தேத்தண்ணி ஆறுது.

உதயரூபன்: எழுது.

கம்சாயினி: என்னத்த?

உதயரூபன்: அந்தப் பெட்டியில இல்ல. பின் பக்கத்தில மாசம் மாசமாக் கோடு போட்டிரிக்கி, அதுல. தை, முதல் கிழமை: உதயரூபன் பதிவுக் கந்தோருக்குப் போவார். சத்தியக்கடதாசி குடுப்பார். மாசி: மரணப் பத்திரம். பங்குனி: உறுதி உன்ட பேருக்கு மாறும். சித்திரைக்குப் பிறகு உனக்குக் கலியாணம்.

கம்சாயினி: பகிடி விடாதீங்க.

உதயரூபன்: எழுதிட்டியா?

கம்சாயினி: பேனை எழுதல்ல.

உதயரூபன்: இந்தா, சிவப்புப் பேனை. இதால எழுது.

கம்சாயினி: இண்டைக்கு ஏன்? இவ்வளவு காலமும் இல்லாம இண்டைக்கு ஏன் அத்தான்?

உதயரூபன்: நீ கேட்டாய்.

கம்சாயினி: நான் ரெண்டு வருசமாக் கேக்கிறன்!

உதயரூபன்: ஓம். இப்ப ஓம் எண்டுறன். மேசை அசையுது, இதுக்கும் ஏசுறியா? வியாழக்கிழமை அந்தத் தாயிட்ட வீடு பெண்டதான் எண்டு சொல்லு. மாமி பலகாரம் சுடட்டும். கூப்பிடு அவவ, நான் நேர சொல்லுறன்.

கம்சாயினி: வேணாம்.

உதயரூபன்: மாமி…

கம்சாயினி: சத்தம் போடாதீங்க! கிணத்தடிக்குக் கேக்கும்.

உதயரூபன்: கேக்கட்டும். உனக்கு வேண்டினது இதுதானே? கையெழுத்துக் கேட்டாய். தாறன் எண்டுறன். நாலாவது இடமும் தவறிப் போகாது. பிறகு ஏன் படிவத்தக் கசக்குறாய்? கம்சா?

கம்சாயினி: வீட்டுப் பட்டியல் ரெண்டு வருசமா என்ட கந்தோர் மேசையில இரிக்கி அத்தான். முப்பத்தேழுக்கு நேர யார்ர பேர் எண்டு எனக்குத் தெரியும். அத மாத்த எந்தக் கடதாசி கேப்பாங்க எண்டும் தெரியும். ஒவ்வொருத்தன் வரேக்கயும் நான் உங்களிட்ட வந்து கேப்பன். நீங்க இல்ல எண்டுவீங்க. அவன் போவான், ஊர் உங்கள ஏசும், அக்கா அந்தப் பட்டியலில உயிரோட இருப்பா… இண்டைக்கும் இல்ல எண்டுவீங்க எண்டுதான் நான் கேட்டன்.